கெடச்சிச்சா சாரும் கக்கூஸ் சாவியும்

ஒரு கிளாஸ் தண்ணி கேட்டால்கூட, கேட்டது நம் காதில் விழுந்ததா என்று விசாரிக்காமல் விடாத மனுஷர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கெடச்சிச்சா சார்.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கேமரன் மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு புரோகிராம் எழுத ஈப்போவிலிருந்து இவர் வந்தார். நான் அங்கே சம்பளக் கணக்கு எழுதும் கிராணி. ஒன்று சொல்வார், "கெடச்சிச்சா?" என்பார். "கெடச்சிச்சு சார்" என்றால்தான் அடுத்த பேச்சு. பதில் வராவிட்டால் அதையே மறுபடி சொல்வார். கேண்டீன்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், பதில் பேசமாட்டார், ஆனால் கேட்டதைப் போட்டுவிடுவார். முதல் நாளே சார் மேசைக்குப் பால் விடாத தே ஓ ஐந்து கிளாஸ் வந்தது.

வேலையில்தான் வந்தது வம்பு. கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம் ஓடும். ஒன்று கொழுந்து எடை பார்க்கும், மற்றது சம்பளம் போடும். இரண்டுக்கும் நினைவகத்தில் பொதுவாக ஒரே இடம். எடை எழுதி முடிப்பதற்குள் சம்பளம் அதை அள்ளிக்கொண்டு போய் வேறு யார் பேரிலாவது போட்டுவிடும். முனியம்மா பறித்த கொழுந்தெல்லாம் லோரி ஓட்டுகிற ஆறுமுகம் பேரில் ஏறிவிட்டது.

"முதுகு ஒடியப் பறிச்சது நானு, சம்பளம் அந்தத் தடியனுக்கா?" என்று முனியம்மா கூடையோடு ஆபீசுக்குள் வந்துவிட்டாள்.

தோட்டத்து மானேஜர் துரை, எங்கள் சாரைக் கூப்பிட்டு, "அடுத்த சம்பளமும் இப்படின்னா நீ பஸ் ஏறிடு லா" என்றார்.

சார் முகம் செத்துப்போயிற்று. சோறு இறங்கவில்லை. ஒருநாள் என்னிடம் கக்கூஸ் சாவி வாங்கினார். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதென்று கட்டை கட்டிய சாவி. வாசலிலேயே நின்று அதை உற்றுப் பார்த்தார்.

"மிஸ், சாவி ஒண்ணுதான். ஒருத்தர் உள்ள இருந்தா இன்னொருத்தர் நிக்கணும். கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு சார். பெரிய கிராணி வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, மொதல்ல அதக் குடுங்க!"

அதையே மெஷினுக்குள் வைத்துவிட்டார். சாவி கையில் இருக்கிற புரோகிராம்தான் அந்த இடத்தைத் தொடலாம். எடை எழுதிவிட்டு "கெடச்சிச்சா?" என்று கேட்கும். சம்பளம் "கெடச்சிச்சு" சொல்கிறவரை அழிக்கக் கூடாது. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பணும்.

சம்பள நாளில் முனியம்மா கொழுந்து முனியம்மா பேரிலேயே நின்றது. "பொழச்சிப் போ தம்பி" என்றாள்.

சரியாகாவிட்டால் பஸ் ஏறணும் என்றார்கள். சரியாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, அப்போதும் பஸ்தான் ஏறினார். இது என்னடா நியாயம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ் ஜன்னலில் தலையை நீட்டினார். "மிஸ், ஒங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. கெடச்சிச்சா?"

இஞ்சின் உறுமியது. ஆனாலும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. வாயே திறக்காமல் நின்றேன். இன்னொரு தடவை கத்தினார். காதைக் காட்டிக் கையை விரித்தேன். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பணும், அவர் போட்ட சட்டம்தானே? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கல்யாணம் ஆகி, பேரன் பேத்தியும் எடுத்தாயிற்று. இன்னும் அதையே சொல்லிவிட்டு "கெடச்சிச்சா?" என்கிறார். நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.