மூன்றடுக்கு கேக்கும் நாலு ஷாக் அப்சார்பரும்

இந்த வீட்டில் இனிமேல் என் பேச்சுதான் நடக்கும் என்று நான் முடிவெடுத்தது ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது. நின்றுகொண்டு அந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்க எனக்கு வராது. தவிர, என் மனைவியின் பார்வை படாத இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

"ஏங்க, அடியில தூங்குறீங்களா?"

பார்வைதான் படாது. குரல் வந்துவிடும்.

"தூங்கல. ஷாக் அப்சார்பரைப் பார்த்துட்டு இருக்கேன்."

"அது என்ன சொல்லுது?"

"கொஞ்சம் குட்டையா இருக்காம்."

"அது எப்பவும் போலத்தான் இருக்கு. வண்டியை நீங்க நெட்டையாக்கிட்டீங்க."

விஷயம் இதுதான். போன மாதம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து ஜீப்பைத் தூக்கிவிட்டேன். தூக்கியது தோளில் இல்லை, பட்டறையில். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர் எல்லாம் போட்டு அரை ஜாண் மேலே ஏற்றிவிட்டேன். காரணம், மலையேறும் ஜீப்காரர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கே எல்லார் வண்டியும் உயரம். என் வண்டி மட்டும் நடுவில் ஒடுங்கி நிற்கும், ஆபீஸில் மேலதிகாரி முன்னால் நான் நிற்கிற மாதிரி. நான் தண்ணீர் மீட்டர் பிரிவில் எழுத்தர். இதுவரை நான் வண்டியில் ஏறிய மிகக் கடினமான பாறை சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கிற நடைபாதை விளிம்பு. அதுவும் தெரியாமல் ஏறியது.

வண்டி உயர்ந்துவிட்டது. பழைய ஷாக் அப்சார்பர் உயரவில்லை. ஸ்பிரிங் குதிக்காமல் அடக்கி வைப்பது அதன் வேலை. இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அது எட்டின மட்டும் நீண்டு, அதற்கு மேல் முடியாமல் 'டங்' என்று அடித்தது. அந்த 'டங்' வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேக் வரைக்கும் போனது.

என் மனைவிக்குத் தொழில் கேக். சமையலறையில் இரண்டு ஓவன், சாப்பாட்டு மேஜை முழுக்க க்ரீம் பிழியும் பைகள், அவற்றின் ஓரத்தில் எங்கள் சாப்பாடு. கேக்குகள் போகிற வாகனம் என் ஜீப். அன்று காலை ஒரு பிறந்தநாள் கேக் வட்டமாகக் கிளம்பி முட்டை வடிவத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் எழுதியிருந்த வாழ்த்து பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய வாங்க," என்றாள். வந்தேன். "சனிக்கிழமை கல்யாண வரவேற்புக்கு மூணடுக்கு கேக் போகணும். நான் வச்ச மாதிரியே போய் இறங்கணும். ஒரு பூ சாய்ஞ்சாலும் மறுநாள் காலையில வண்டி பழைய உயரத்துக்கு வந்துடணும்."

"மறுநாள் கிளப்ல மலை ஏறுறோம்மா!"

"ஏறுங்க. நடந்து."

பிறந்ததிலிருந்து சமதரையிலேயே வாழ்ந்தவன் நான். ஒரே ஒரு தடவை மலை உச்சியில் என் வண்டி நிற்க வேண்டும். அதன் மேல் நான் ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். அதை யாராவது ஒரு போட்டோ எடுக்க வேண்டும். இது ஒரு பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

பட்டறைக்கு ஓடினேன். மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள்.

"எந்த மாதிரி ஷாக் வேணும் சார்?"

"கல்லு மாதிரி வேணும். எங்க கிளப் தலைவர் பல் டாக்டர் இருக்காரே, அவர் சொன்னார். இருக்கிறதுலேயே இறுக்கமானதா போடு, அப்பதான் வண்டி பாறையைப் பார்த்து பயப்படாதுன்னு."

"வண்டியில என்ன ஏத்துவீங்க?"

"என்னை."

"வேற?"

"கேக்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இறுக்கமான ஷாக்ல கேக்கை ஏத்தினா கேக் போய்ச் சேராது சார். தூள்தான் போய்ச் சேரும்."

"அப்ப மெத்துனு போட்டுடலாமா?"

"போடலாம்."

"மெத்துனு போட்டா கிளப்ல சிரிப்பாங்களே?"

"சிரிப்பாங்க."

இரண்டிலும் அவருக்கு ஆட்சேபணை இருக்கிற மாதிரி தெரியவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போது எவ்வளவு நீளம், அமுங்கும்போது எவ்வளவு நீளம் என்று அளந்தார். பிறகு உள்ளே போய் நாலு புது ஷாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினால் மெத்து. அந்தப் பக்கம் திருகினால் கல்.

என் மூளை அன்றைக்கு வேலை செய்த மாதிரி ஆபீஸில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. சனிக்கிழமை மெத்து, ஞாயிற்றுக்கிழமை கல்! கேக்கும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும்.

"அண்ணே, இந்தத் திருகு சமாச்சாரம் மட்டும் வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. நம்பிக்கையான மனுஷன் என்று நினைத்தேன். வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டிருந்தார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. பின்னால் மூன்றடுக்கு கேக், பக்கத்தில் அதைப் பிடித்தபடி அவள். வேகத்தடை வந்தது, போனது. பள்ளம் வந்தது, போனது. மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது மேல் அடுக்கு ரோஜா இதழ்கூட அசைந்திருக்கவில்லை.

"பரவாயில்லையே!" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த விருது அது.

"அப்ப வண்டி உயரம்?"

"இருக்கட்டும். சொன்னா சொன்னதுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் யாரும் சொல்லாமலே கேக் தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். வராத மாதிரி டீ போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜீப்புக்கு அடியில் புகுந்தேன். நாலு திருகையும் அந்தப் பக்கக் கடைசி வரைக்கும் திருகினேன். கல்! முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் அவள். காலில் கேன்வாஸ் ஷூ. கையில் கேக் பெட்டி.

"எங்க கிளம்பிட்டே?"

"மலைக்கு. உங்க கிளப்ல கேக் ஆர்டர். உச்சியில வெட்டணுமாம். உங்க டாக்டர்தான் கேட்டார்."

"அவருக்கு எப்படித் திடீர்னு இந்த யோசனை வந்துது?"

"நான் போன் பண்ணி, உச்சியில ஒரு கேக் வெட்டினா எப்படி இருக்கும்னு கேட்டேன். உடனே வந்துடுச்சு."

"ஒரு நிமிஷம். டயர்ல காத்து பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பதானே பார்த்துட்டு வந்தீங்க?"

"இன்னொரு தடவை பார்த்தா தப்பா?"

"நீங்க எதுக்குச் சிரமப்படணும்? இதைப் பிடிங்க." பெட்டி என் கைக்கு வந்தது. "நானே திருகிக்கிறேன். எந்தப் பக்கம் மெத்துனு ஸ்பேனர் அண்ணன் காட்டிட்டார்."

"அவர் வாயே திறக்கலையே!"

"கேக் குடுத்தேன். சாப்பிடத் திறந்தார்."

துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு சரேலென்று ஜீப்புக்கு அடியில் போனாள். நாலு திருகும் திரும்புகிற சத்தம் கேட்டது. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடமும் அன்றோடு போயிற்று.

வெளியே வந்து கையை நீட்டினாள். "சாவி."

"நான் ஓட்டறேனே. நீ கேக்கைப் பிடிச்சுக்கோ."

"நேத்து ஒவ்வொரு வேகத்தடையிலயும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மலையில எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்கணும். உச்சியில போய் நிக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

இத்தனை வருஷத்தில் அவளுக்கும் அப்படி ஓர் ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன், பெட்டியோடு.

மலையடிவாரத்தில் கிளப்பே கூடியிருந்தது. தலைவர் பல் டாக்டர்தான் முதலில் ஏறினார். அவருடையது கல்லிலும் கல்லான ஷாக். சக்கரம் பாறையில் பட்டதும் எகிறியது, காற்றில் சுற்றியது, வண்டி பின்னாலேயே வழுக்கி வந்தது. மறுபடி ஏறினார். மறுபடி வந்தார். புழுதியில் டாக்டரின் பல் மட்டும் தெரிந்தது.

"நாம போலாமா?" என்றாள் மனைவி.

போனாள். நடக்கிற வேகம்தான். ஒவ்வொரு சக்கரமும் மெல்லப் பள்ளத்தில் இறங்கி, பாறையைத் தடவி, பிடி கிடைத்ததும் ஏறியது. இருட்டில் காலால் செருப்பைத் தேடுவோமே, அந்த மாதிரி. நான் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பூ அசையவில்லை. ஜீப் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"மேடம்! என்ன ஷாக் அது?" கீழேயிருந்து டாக்டர் கத்தினார்.

"கேக்குக்குப் போடறதுதான் டாக்டர்!"

உச்சி வந்தது. வானம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. வேறு எந்த வண்டியும் ஏறவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்க நடந்தே மேலே வந்தார்கள், டாக்டர் உட்பட. வந்ததும் அவளைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கேக் வெட்டினார்கள். அடுத்த வாரத்துக்குள் எல்லாரும் மெத்து ஷாக் மாற்றுவதாகச் சத்தியம் செய்தார்கள். நான் கைதட்டினேன். கை சும்மா இருந்தது அப்போதுதான்.

கடைசியில், நான் இத்தனை நாள் கனவு கண்ட அந்த போட்டோ. மலை உச்சி, ஜீப், அதன் மேல் ஒய்யாரமாகச் சாய்ந்து ஓர் உருவம், பின்னால் நீல வானம். கிளப் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அருமையான படம் என்கிறார்கள்.

எடுத்தது நான்தான்.