நாலு அங்குல யோசனை

மதியம் இரண்டு மணிக்கு டிவியில் கிரிக்கெட் மேட்ச். அதற்குள் ஓட்டல் அறைக்குத் திரும்பிவிடுவது என்று சிவசங்கரன் காலையில் இட்லி சாப்பிடும்போதே சபதம் எடுத்துவிட்டார். சேலத்திலிருந்து மூன்று நாள் லீவு போட்டு பெங்களூர் வந்ததே கால் நீட்டிப் படுக்கத்தான். ஆனால் முதல் நாளே அவரைப் பதினாலு கடை ஏற்றி இறக்கிவிட்டாள் மனைவி வனஜா. இன்றைக்குக் கமர்ஷியல் ஸ்ட்ரீட். ஆட்டோவை விட்டு இறங்கியதும் வனஜாவின் செருப்பு வார் அறுந்தது.

"புதுசு வாங்கணுங்க. காலுக்குச் சொகுசா இருக்கணும், பார்க்க ஸ்டைலாவும் இருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணா கிடைக்காது வனஜா."

"கல்யாணத்துலதான் ரெண்டும் கிடைக்கல. செருப்புலயாவது தேடிப் பார்ப்போமே."

அந்த நொடியில்தான் சிவசங்கரனுக்கு யோசனை உதித்தது. நாலு அங்குல ஹீல்ஸை மாட்டிவிட்டால் நாலு கடைகூடத் தாங்கமாட்டாள். தானாகவே அறைக்குப் போகலாம் என்பாள்!

கடைக்காரர் தியோடர் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர். மெத்தென்ற தட்டை ஷூ ஒன்றை எடுத்து நீட்டினார். சிவசங்கரன் அதை ஓரம் தள்ளிவிட்டு, கண்ணாடி அலமாரியில் இருந்த சிவப்பு ஹீல்ஸைக் காட்டினார்.

"இதைப் போடு வனஜா. மகாராணி மாதிரி இருப்பே."

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை வனஜா கேட்டதில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், இது ஸ்வல்ப, கொஞ்சம் காலைக் கடிக்கும்," என்றார் தியோடர் கன்னடம் கலந்து.

"கடிக்கட்டுமே! பழகிடும்!" சிவசங்கரனின் குரலில் இருந்த குதூகலத்தை அவராலேயே மறைக்க முடியவில்லை.

வனஜா மாட்டிக்கொண்டாள். பில் கட்டியாயிற்று. கடைக்குள்ளேயே மூன்றடி வைத்தாள். "அம்மாடி!" என்று சோபாவில் சாய்ந்தாள்.

"வலிக்குதா? அடடா! ஆட்டோ பிடிக்கட்டுமா?"

"வேணாங்க. ஏசி நல்லா இருக்கு, நான் இப்படியே உக்காந்துக்கறேன். நீங்க போய் வாங்கிட்டு வந்துடுங்க. லைனிங் துணி, வளையல், மைசூர் சில்க், அக்காவுக்கு ஹேண்ட்பேக். வீடியோ கால்ல காட்டுங்க, நான் சொல்றேன்."

மகாராணி ஆணையிட்டுவிட்டாள். கிளம்பினார்.

"அந்த மெரூன் இல்லங்க, பக்கத்து மெரூன்."

"ரெண்டும் ஒரே மெரூன்தாம்மா!"

"எதிர்க்கடையில கேளுங்க. போனை ஆட்டாதீங்க, தலை சுத்துது."

தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஏழு முறை நடந்தார். எங்கோ ஒரு கடை டிவியில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள். யார் என்று பார்ப்பதற்குள் வனஜா ஜரிகையைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு இரண்டு கையிலும் பைகளோடு நொண்டிக்கொண்டே வந்து சோபாவில் விழுந்தார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வனஜா துள்ளி எழுந்தாள். அவள் காலில் அந்த மெத்தென்ற தட்டை ஷூ.

"ஹீல்ஸ் எங்கே?"

"நீங்க படி இறங்கினதுமே கடைக்கார அண்ணன் மாத்திக் குடுத்துட்டாரு."

"அப்போ 'அம்மாடி'ன்னு வலியில சாஞ்சது?"

"வலிக்கணும்னு நீங்க அவ்வளவு ஆசைப்பட்டீங்க. ஏமாத்த மனசு வரல. சரி எழுந்திரிங்க, ஒன்பது மணி வரைக்கும் கடை இருக்காம்."