பதினேழாம் எலிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள தம்பி ரியோஹெய்க்கு,

மழை விட்டுச் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. வாரம் மூன்று நாள் உன் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரமும் நீயும் நலமா? நான் நலம்.

இன்று காலை முதல் வேலையாக, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும், ஆய்வில் இறந்த விலங்குகளின் நினைவுக்கல் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். வெள்ளை எலி பதினேழின் முதுகில் பழுப்பு எலியின் தோலை ஒட்டியிருந்தோம் அல்லவா, அதனால் வந்த வினை. ஒட்டும் முன்பே அந்தப் பழுப்பு எலியின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி, 'இவர் அந்நியர் இல்லை, நம்ம வீட்டு ஆள்தான்' என்று உடம்புக்கு அறிமுகம் செய்துவைத்து, அப்புறம், உடம்பு அந்நியத் தோலைத் துரத்தாமல் தடுக்கும் மருந்தை நிறுத்தினோம். முந்தைய பதினாறும் மருந்தை நிறுத்தியதும் ஒட்டிய தோலை உதறிவிட்டு நினைவுக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தன. வருடாந்திர அஞ்சலியில் வாசிக்கும் இறந்த விலங்குகளின் பட்டியலை மூன்று மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும். இதுவும் போகத்தானே போகிறது என்று பதினேழையும் எழுதிவிட்டேன். அஞ்சலியன்று பேராசிரியர் ஒகினோ "பதினேழு" என்று வாசித்தபோதுதான் உறைத்தது. எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது, 'அது இன்னும் சாகலை' என்று யார் கையைத் தூக்குவது? நானும் குனிந்தேன்.

அடுத்த நாள் அலுவலக மோரிவாகி பிடித்துக்கொண்டார். "செத்துப்போன எலிக்கு எப்படித் தீனிக் கணக்கு எழுதறது, கனாயே சான்? மன்னிப்புக் கடிதம் கொடுங்க."

"யாருக்கு எழுதட்டும்?"

"யாரைக் கும்பிட்டீங்களோ, அவங்களுக்குத்தான்."

அதைத்தான் இன்று கல் முன் வாசித்தேன். பேராசிரியரிடம் சொன்னால், "அது செத்திருந்தா உங்க பட்டியல் சரி. சாகாததால என் ஆராய்ச்சி சரி. உங்களுக்கு எது வேணும்?" என்றார். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தோலை ஒட்டி இன்று நூறாவது நாள். பழுப்பு முடி பளபளக்கிறது.

போன வருடம் நீ சொன்னாய்: "அக்கா, உன் சிறுநீரகத்தை என் உடம்பு துரத்திடும். ஒரே அறையில நாம ஒரு நாளாவது சண்டை போடாம இருந்திருக்கோமா?" எலி மனிதன் இல்லை. என் சிறுநீரகத்தை வைத்தாலும் நீ ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். தெரியும். ஆனாலும் ஒரே முதுகில் இரண்டு எலி, நூறு நாள், சண்டையில்லை. சரி, உனக்குப் பிடிக்காத அந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன்.

உப்பைக் குறை. மிசோ சூப்பை மோந்து பார்த்தால் போதும். அம்மாவுக்கு என் வணக்கம். உனக்குக் காற்றோட்டமான ஒரு கோடைக்காலம் வாய்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா கனாயே

பி.கு.: அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்றதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வியாழக்கிழமை உன் மருத்துவமனைக்கு வருகிறேன், என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துமா என்று பார்க்க. அம்மாவிடமும் சொல்லவில்லை, பேராசிரியரிடமும் சொல்லவில்லை. எந்தப் பட்டியலையும் இனி முன்கூட்டியே எழுதுவதாக இல்லை.