சௌனாக் கதவு திறந்தே இருக்கும்

ஹேன்காக், மிச்சிகன்
ஜனவரி 19

சம்பந்தியாக ஆவாரோ மாட்டாரோ என்ற நிலையில் இருக்கும் திரு. ஹார்வி ட்ரெவாரோ அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற ரெய்னோ மத்திலாவின் வணக்கம். இங்கே நானும் மனைவி லெம்பியும் நலம். மகள் ஐலி மட்டும் ஞாயிறிலிருந்து சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கிறாள். அங்கே நீங்கள் கோபத்தோடு நலமாயிருப்பீர்கள்.

ஞாயிறன்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டால்தான் கல்யாணம் என்று உங்கள் மகன் வெஸ்லியிடம் சொல்லி அனுப்பினீர்களாம். கேட்க மாட்டேன். எல்லாம் நீங்கள் மாட்டிக்கொடுத்த ஹீட்டரால் வந்த வினை. வீடு சூடானது, மறுக்கவில்லை, ஆனால் நாங்கள் கருவாடாகிவிட்டோம், லெம்பிக்கு மூக்கில் ரத்தம், நாற்காலிக் கால்கள் கழன்றன, பூனையைத் தடவினால் பொறி பறக்கிறது, அது என்னைக் கண்டாலே ஓடுகிறது. ஈரம் வேண்டுமென்றால் ஃபின்லாந்து வம்சத்தில் பிறந்தவன் கடைக்கா போவான்? நிலவறையில் எங்கள் நீராவிக் குளியலறை, நீங்கள் சானா என்று எத்தனை முறை திருத்தினாலும் எங்களுக்குச் சௌனாதான், இருக்கிறதே! நீங்கள் கல்யாணம் பேச வரும் நாளில் மூச்சு சுகமாக இருக்கட்டுமென்று கல்லைப் பழுக்கக் காய்ச்சி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கதவை விரியத் திறந்து வைத்தேன், ஏலக்காய் போட்ட எங்கள் நிசு ரொட்டியும் காப்பியும் நன்றாகவே இறங்கின, கிளம்பலாமென்று நீங்கள் வாசற்கதவை இழுத்தால் வரவில்லை, நிலையோடு சேர்ந்து உறைந்துவிட்டது.

"இது வீடாய்யா, ஐஸ் பெட்டியா?" என்று கத்தினீர்கள்.

"உங்க ஹீட்டர்தான் காத்தை உலர்த்துது!"

"வெளிக் குளிர்க் காத்துல ஈரமே கிடையாதுய்யா. உள்ள வந்து சூடானா இன்னும் வறளும். அதுக்குக் கடையில விக்கிற ஒரு சின்ன ஈரப்பெட்டி போதும். ஊர்த் தண்ணிய எல்லாம் ஆவியாக்குனா, குளிர்ந்த இடமாப் பார்த்து உறையத்தான் செய்யும்!"

"எங்க வீட்டு ஆவி, எங்க இஷ்டம்."

"அப்ப உங்க பொண்ணையும் நீங்களே வெச்சுக்குங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் கோடாலியால் கதவைப் பிளந்ததும், கோட்டைக்கூட எடுக்காமல் போனீர்கள். கோட்டு ஆணியில் தொங்குகிறது. வந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சௌனாக் கதவு திறந்தேதான் இருக்கும். நான் ஒரு சொல்கூடப் பின்வாங்க மாட்டேன்.

உங்கள் மனைவிக்கு வணக்கம், வெஸ்லிக்கு ஆசி, உங்களுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
ரெய்னோ மத்திலா

பின்குறிப்பு: சௌனாவை மூடிவிட்டேன். சுவரில் ஒட்டிய காகிதமெல்லாம் உரிந்து தொங்குகிறது, அது போகட்டும். பிள்ளை பட்டினி கிடப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நீங்களே போன் செய்து மன்னிப்புக் கேட்டதாகவும், நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டதாகவும் ஐலியிடம் சொல்லிவிட்டேன். எழுந்து வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், சம்பந்தி.