சம்சு பாய் தொலைத்த துருவி

இனி ஆயுசுக்கும் தேங்காய் துருவுவதில்லை என்று சம்சு பாய் முடிவெடுத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுத்தார். வெளியே சொல்லும் துணிச்சல் இருந்தால் பதினெட்டு வருஷமாக ஏன் துருவிக்கொண்டிருக்கப் போகிறார்?

சிவகாசிக் கம்பெனிகளுக்குப் பட்டாசுப் பெட்டி சப்ளை செய்கிறவர். சீசனில் அவர் ஒரு சத்தம் போட்டால் முப்பது பேர் நடுங்குவார்கள். அந்த முப்பது பேரில் ஒருத்தனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய விருதுநகர் வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. அன்று மனைவி சுலைகா தேங்காய்ச் சோறு ஆக்குவாள். சோறு அவள் பொறுப்பு. மூன்று தேங்காயும் இவர் பொறுப்பு.

துருவி இருந்தால்தானே துருவ வேண்டும்? வியாழக்கிழமை சாத்தூருக்கு லோடு போனபோது, சுலைகாவின் சீரில் வந்த துருவியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். உள்ளூரில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று யோசித்த தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை சுலைகா தேடினாள்.

"ஏங்க, துருவியப் பாத்தீகளா?"

"எந்தத் துருவி?"

"வீட்டுல எத்தன இருக்கு?"

அவள் சண்டை போடவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"கடைத் துருவி ரெண்டு மாசம் தாங்காது. சாத்தூர்ல லாரி ஸ்பிரிங் பட்டையில செஞ்சு தாராகளாம். கெளம்புங்க."

பட்டறைத் தெருவில் இறங்கியதுமே அந்தப் பழைய இரும்புக் கடைக்காரர் கண்ணில் பட்டார். அவர் பல்லைக் காட்டுவதற்குள், சம்சு பாய் எதிரே இருந்த செல்லப்பாண்டியின் பட்டறைக்குள் சுலைகாவைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே எண்ணெய் டிரம்மெல்லாம் அடுப்பாக மாறிக்கொண்டிருந்தது.

"நமக்கு முட்டி வலி அண்ணாச்சி. கீழ உக்காந்து துருவ முடியாது" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தார் பாய்.

"அதுக்கென்ன பாய், நின்னுக்கிட்டே துருவுற மாதிரி கால் வச்சுத் தாரேன்." செல்லப்பாண்டி டேப்பை எடுத்து அவர் இடுப்பு உயரத்தை அளந்தார்.

"ரொம்ப நேரம் நிக்கவும் முடியாதே."

"பழைய டிராக்டர் சீட்டு ஒண்ணு கெடக்கு. உக்காந்து பாருங்க. அதையும் சேத்து வெல்டு வச்சிருவோம்."

உட்கார்ந்து பார்த்தார். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. சம்சு பாய்க்கு அழுகை வந்தது.

"புதுப் பட்டையே வேணாம் அக்கா. இதப் பாருங்க, என்னா இரும்பு! எதுத்த கடையில நேத்துத்தான் வாங்கினேன். யாரோ வெவரங் கெட்டவன் போட்டுட்டுப் போயிருக்கான்."

செல்லப்பாண்டி நீட்டிய துருவியைச் சுலைகா திருப்பினாள். பட்டையில் வெட்டியிருந்த பேரை விரலால் தடவிப் படித்தாள். அவள் பேர்தான்.

சம்சு பாய் தகரக் கூரையை ஆராய்ந்தார்.

"ஆமா அண்ணாச்சி, வெவரங் கெட்டவருதான்" என்றாள் சுலைகா. "இந்தப் பேர அழிச்சிட்டு இவுக பேர வெட்டுங்க. என் பேரு இருந்ததாலதான தூக்கிப்போட மனசு வந்துச்சு!"

"பேரு மட்டும் போதுமாக்கா? போன் நம்பரும் போட்டா, தொலைஞ்சாலும் கொண்டாந்து குடுத்துருவாக."

சுலைகா திரும்பிப் பார்த்தாள்.

டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே, சம்சு பாய் பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.