டிக்கியில் ஒட்டிய மாமனார்

ராஜமணி அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிப் பொறுப்பதில்லை. மாமனாரை இன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுவது.

பயப்பட வேண்டாம். மாமனார் வடுகபட்டியில் சௌக்கியமாகத்தான் இருந்தார். எடுக்க வேண்டியது அவருடைய பேரை. ராஜமணியின் சந்தன நிற அம்பாசடர் காரின் டிக்கியில், நாலு விரல் உயரத்தில், பித்தளை எழுத்துகளில் அது ஒட்டியிருந்தது: 'ஞானசிகாமணி பூண்டு மண்டி'.

பெட்ரோல் விலை ஏறிய வருஷம் மாமனாருக்குத் திடீரென்று தாராள மனசு வந்தது. தன் பழைய காரை மகளுக்குச் சீராகத் தள்ளிவிட்டார். சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேரை வெட்டிக் கொடுப்பதுதானே வழக்கம், காரிலும் பேர் இருக்கட்டும் என்றார். ஆணி அடித்தால் தகரத்தில் ஓட்டை விழும் என்பதால், கார்க் கதவில் ரப்பர் ஒட்டுகிற பசையைத் தடவி எழுத்தெழுத்தாக அவரே ஒட்டினார். ராஜமணியால் வாயைத் திறக்க முடியவில்லை. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்து, ஊரிலுள்ள அண்டாவுக்கும் குடத்துக்கும் பேர் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவர், தன் வீட்டுச் சீரில் மட்டும் பேர் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்?

அன்றோடு அவருடைய பேர் போயிற்று. ராஜமணி கடை எது என்று கேட்டால் பஜாரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். 'பூண்டு மாப்ள கடை' என்றால் உடனே கை காட்டுவார்கள். சின்னமனூரிலிருந்து குத்துவிளக்கு வாங்க வந்த கல்யாண வீட்டார் கடைக்குள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாடையே இல்லையே" என்று ஏமாற்றத்தோடு சொன்னார்கள். போதாக்குறைக்கு அவர் மனைவி சுகிர்தம், அப்பாவோடு மதுரைக் கண் டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து, ஒரு மாதமாகக் காலை ஜெபம் முடிந்த கையோடு புளியை எடுத்துக்கொண்டு போய் அந்த எழுத்துகளை மட்டும் விளக்க ஆரம்பித்திருந்தாள். கார் முழுக்கப் புழுதி. பூண்டு மண்டி மட்டும் தங்கமாக மின்னியது.

மறுநாள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணி, கோழி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஏலம் விடும் வேலை இந்த வருஷம் ராஜமணிக்குக் கிடைத்திருந்தது. பாஸ்டர் ஐயர் ஊருக்குப் புதிது. ஏலம் விடுகிறவரை மைக்கில் பேர் சொல்லி அழைக்க வேண்டும், பக்கத்தில் யாரிடமாவது பேரைக் கேட்பார். என்ன பதில் வரும் என்று ராஜமணிக்குத் தெரியும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பாவம், அந்த மனுஷன் நாற்காலி கேட்டாரா, மாலை கேட்டாரா? தன் பேரை ஒரு தடவை ஒலிபெருக்கியில் கேட்க ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

சர்ச்சுக்குத் தோரணம் கட்டப் போகிறேன், வர சாயங்காலம் ஆகும் என்று சுகிர்தம் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெரு முனை திரும்பியதும் ராஜமணி வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்து வீட்டுச் சைக்கிள் கடை நூர் முகம்மது மதில் மேல் தலையை நீட்டினார்.

"என்ன பூண்டு மாப்ள, டிக்கிக்குப் பின்னால குத்தவச்சு உக்காந்திருக்கீக?"

"மெதுவாப் பேசும்யா. எழுத்த எடுக்கப் போறேன்."

"வீட்டுல கேட்டீகளா?"

"கேட்டா விடுவாளா? மேகமலை ரோட்டுக் குலுக்கல்ல உதிந்துருச்சுன்னு சொல்லிக்கிருவேன்."

"பன்னெண்டு எழுத்துமா?"

"ரோடு அப்பிடி."

"நீங்க எப்ப மேகமலைக்குப் போனீக?"

"இதென்ன கோர்ட்டா? எப்பிடி எடுக்கறதுன்னு சொல்லும்யா."

நூர் முகம்மது மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். "திருப்புளிய வச்சு நெம்பிராதீக, தகரம் நெளிஞ்சிரும். கட்டுநூல எழுத்துக்கு அடியில குடுத்து, ரம்பம் இழுக்கிற மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் இழுங்க."

கடையில் பாத்திரம் கட்டுகிற நூல் வீட்டிலும் கொஞ்சம் கிடந்தது. இழுத்தார். உச்சி வெயிலுக்குள் எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்துவிட்டது. ஒரு சொம்பில் போட்டு வைத்தார். இத்தனை வருஷம் ஊரை ஆண்ட மாமனார் ஒரு சொம்புக்குள் அடங்கினார். ராஜமணிக்கு நெஞ்சு நிறைந்தது.

நிமிர்ந்து டிக்கியைப் பார்த்தார். நிறைந்த நெஞ்சு காலியானது.

எழுத்து வந்ததே தவிர, பசை வரவில்லை. எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே பசை உட்கார்ந்திருந்தது. தெருப் புழுதி வேறு அதில் அப்பிக் கறுத்துப்போனது. சந்தன நிறத்தில் கறுப்பு எழுத்து! முன்பு கிட்ட வந்து படித்தவர்கள் இனி பஸ் ஸ்டாண்டில் நின்றே படிக்கலாம்.

ராஜமணிக்குப் பாத்திரக்கடைப் புத்தி. ஓடிப்போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து தேய்த்தார். பசை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மினுமினுத்தது. அடுத்து ஒரு கை செங்கல்பொடியை அள்ளினார். நூர் முகம்மது பாய்ந்து கையைப் பிடித்தார்.

"யோவ், இது அண்டா இல்ல! பெயிண்டு வழிச்சுக்கிட்டு வந்துரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீரு?"

"பெயிண்டர் சுருளியாண்டிகிட்ட தின்னர் இருக்கு."

"பசை போயிருமா?"

"போயிரும். கூடவே பெயிண்டும் போயிரும்."

"அப்பறம் எதுக்குய்யா சொன்னீரு?"

"கேட்டீகளேன்னு சொன்னேன்."

வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் வருகிறேன் என்றவள் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து நின்றாள். நூர் முகம்மதுக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது. வந்த வழியே போய்விட்டார்.

"என்னங்க இது?"

"அது வந்து... மேகமலை ரோட்டுல..."

"வண்டி வாசல விட்டு நகரவே இல்லையே."

ராஜமணி சொம்பைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். சுகிர்தம் சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று அவர் காத்திருந்தார். போடவில்லை.

"நாளைக்குப் பண்டிகைக்கு அப்பா வாராக" என்றாள்.

"மாமாவா? நாளைக்கா?"

"மொதப் பஸ்ஸுல. தான் ஒட்டுன பேரு இப்பிடி அரையும் கொறையுமா அழுக்குப் பிடிச்சு நிக்கிறதப் பாத்தா அவுக மனசு என்ன பாடுபடும்?"

"தெரியாமச் செஞ்சுட்டேன், சுகிர்தம். மறுபடி ஒட்டிருவமா?"

"ஒட்டுனா கோணலா நிக்கும். எடுத்தது எடுத்தாச்சு, சுவடு தெரியாம எடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒன்னு, பெயிண்டுல ஒரு கீறல் விழுந்துச்சோ, அப்பறம் உங்க பாடு அப்பா பாடு."

இவ்வளவு நல்லவளா தன் மனைவி என்று ராஜமணிக்குக் கண் கலங்கியது. சுகிர்தம் நாற்காலியைக் கொண்டுவந்து டிக்கிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல புழுதியக் கழுவுங்க. மண்ணோட சேத்துத் தேச்சா மண்ணே கீறிவிட்டுரும். ஹார்லிக்ஸ் பாட்டில் லேபிள நான் எப்பிடி எடுக்கேன்? அதே மாதிரிதான். கை பொறுக்கிற சூட்டுல துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க."

கொடுத்தார்.

"இப்பத் தேங்காயெண்ணெயத் துணியில நனைச்சு மேல போடுங்க. ஊறட்டும். அவசரப்படாதீக."

ஊறியது. வெயிலும் தலையில் ஊறியது.

"இப்பக் கட்டைவெரலால தள்ளுங்க. நகம் படக்கூடாது. வெரல் சதைதான் படணும்."

தள்ளினார். பசை அழுக்கு உருள்வதுபோலத் திரண்டு உருண்டு வந்தது. 'ஞா'வின் கொக்கி மட்டும் ஒரு மணி நேரம் வாங்கியது.

"அங்கன ஒரு புள்ளி இருக்கு பாருங்க."

"இங்கனயா?"

"அதுக்குக் கீழ. கண்ணாடி போடுங்க."

கட்டைவிரல் வீங்கிக் கத்தரிக்காய் ஆனது. முதுகு நிமிரவில்லை. ஒருவழியாகப் பசை போயிற்று, சோப்பு நுரையால் எண்ணெயும் போயிற்று. அப்போதும் பேர் தெரிந்தது! எழுத்துக்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் புதுசாக இருந்தது, சுற்றிலும் மங்கியிருந்தது. சுகிர்தம் பாலிஷ் டப்பாவை நீட்டினாள். டிக்கியைத் தேய்த்தார். டிக்கி பளபளத்ததும் கதவு அசிங்கமாகத் தெரிந்தது. கதவைத் தேய்த்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்பாசடர் கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. ராஜமணி பழைய துணி போலக் கிடந்தார்.

மறுநாள் மாமனார் ஒரு மூட்டைப் பூண்டோடு வந்து இறங்கினார். நேராக டிக்கிக்குத்தான் போனார். தடவிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ராஜமணி வீங்கிய கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யாரு மாப்ள எடுத்தது?"

"நாந்தான் மாமா. மன்னிச்சு..."

"ஒரு கீறல் இல்லையே! மதுரை ஒர்க்‌ஷாப்புல கேட்டேன், வண்டி முழுக்கப் பெயிண்டு அடிச்சாத்தான் ஆகும்னுட்டாக. சுகிர்தந்தான் சொல்லுச்சு, பொறுங்கப்பா, நம்ம வீட்டுலயே ஆளு இருக்குன்னு."

மாமனார் பையிலிருந்து ஒரு சதுரத் தகரத்தை எடுத்தார். வெள்ளைத் தகரத்தில் சிவப்பாக ஒரு 'எல்'. கூடவே ஒரு டப்பா பசை.

"இது... எதுக்கு மாமா?"

"மகளுக்குத்தான். கண் டாக்டரப் பாக்கன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன்ல? எல்.எல்.ஆர். வாங்கத்தான் போனோம். பழகுற புள்ள, எங்கனயாச்சும் முட்டிருச்சுன்னா? பின்னால என் மண்டிப் பேரு இருந்தா யாவாரம் என்னத்துக்காகும்? அதான், பேர எடுத்துட்டு ஓட்டும்மான்னேன்."

ராஜமணி மனைவியைப் பார்த்தார்.

"நான் கார் பழகணும்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீக?" என்றாள் சுகிர்தம். "உங்கப்பா பேரு இதுல இருக்குற வரைக்கும் நீ ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு சொன்னீகளா, இல்லையா?"

சொல்லியிருந்தார். அந்தப் பேர் இந்த ஜென்மத்தில் போகாது என்ற தைரியத்தில் சொன்னது. நுணலும் தன் வாயால் கெடும்.

"கெட்டியா அமுக்கிப் பிடிங்க மாப்ள, பசை காயணும்" என்றார் மாமனார். ராஜமணி வீங்கிய கட்டைவிரலால் 'எல்'லை அமுக்கிப் பிடித்தார்.

சுகிர்தம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் பூண்டு மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி ராஜமணி. கார் உறுமி, குதித்து, நின்று, மறுபடி குதித்துச் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது சபை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஐயர் மைக்கைப் பிடித்தார். பூரித்துப் போயிருந்தார்.

"நம்முடைய சகோதரி சுகிர்தம் தாமே காரோட்டி வந்திருக்கிறார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம். சகோதரி சுகிர்தத்தின் வீட்டுக்காரர் இப்போது ஏலத்தை நடத்துவார்."

ராஜமணி ஏலத்தை நடத்தினார். என்ன விற்றார், யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமில்லை. முடிந்ததும் தன்னந்தனியாகக் காருக்குப் பின்னால் வந்து நின்று, 'எல்'லின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து லேசாக நெம்பிப் பார்த்தார். மாமனார் இந்தத் தடவை இன்னும் நல்ல பசையாக வாங்கியிருந்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து சுகிர்தம் எட்டிப் பார்த்தாள்.

"நகம் படக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? லைசென்சு வரட்டும், அதையும் நீங்கதான எடுக்கப் போறீக."