ராமாத்தாளின் பதினோரு பக்கங்கள்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காலையில் குளித்து, வயிற்றில் எதுவும் போடாமல், கிழக்கே பார்த்து உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதற்காக இரண்டு இடங்களில் குறைத்திருக்கிறேன். கூட்டியது எங்கேயும் இல்லை.

1998ஆம் வருடம், லேபர் டே விடுமுறைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. நியூஜெர்சி, பிளெய்ன்ஸ்பரோ. அபார்ட்மென்ட் சமையலறையின் நடுவில் ராமாத்தாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. எட்டு மாதக் குழந்தை வெண்பா மேசைக்கடியில் தவழ்ந்து போய், அப்பாவின் ஷூ கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆபீசுக்குப் புறப்பட்டு, ஒரு காதில் மட்டும் கம்மல் போட்டபடி ஓடிவந்த வசந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க்கா, பாப்பாவுக்குக் கஞ்சி வெக்கலையா?"

"ட்ரெய்னிங் இன்னும் ஆரம்பிக்கலீங்களே அம்மிணி. மொத ரெண்டு வாரம் ட்ரெய்னிங்குன்னு நாலாம் பக்கத்துல போட்டிருக்குதுங்."

மருந்துக் கம்பெனி ஒன்றில் புள்ளிவிவரம் பார்க்கிற வேலை வசந்தாமணிக்கு. பிரசவ லீவை மூன்று முறை நீட்டியாகிவிட்டது. அன்று எட்டரை மணிக்கு வந்து நாற்காலியில் உட்காராவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்கு என்று ஆபீசில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நாற்காலி போனால் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிற கிரீன் கார்டு மனுவும் போகும். டே கேரில் கேட்டால் வெயிட்டிங் லிஸ்ட். வெண்பாவின் முறை வரும்போது அவளே கார் ஓட்டிக்கொண்டு வந்து சேரலாம் போலிருந்தது. அதனால்தான் காங்கேயத்திலிருந்து ராமாத்தாளையே நேராக வரவழைத்தார்கள். வயது ஐம்பத்திரண்டு. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் கேன்டீனைக் கட்டி ஆண்டவள்.

விசா வேண்டுமானால் வேலை ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும் என்று வக்கீல் நஞ்சுண்டன் சொல்லியிருந்தார். வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் என்ற ஒன்றை வசந்தாமணியின் கணவன் மணியனின் பரம்பரையில் யாரும் எழுதியதில்லை. ஆனால் மணியன் சாஃப்ட்வேர்க்காரன். புது புரோகிராம் எழுதச் சொன்னால் பழைய புரோகிராம் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றிப் பழகியவன். தன் கம்பெனி தனக்குக் கொடுத்த ஆஃபர் லெட்டரை எடுத்தான். 'மணியன்' என்று இருந்த இடத்தில் 'ராமாத்தாள்' என்று போட்டான். 'கிளையன்ட் இடம்' என்பதைச் 'சமையலறை' ஆக்கினான். பதினோரு பக்கம். வக்கீல் மூலமாகத் தூதரகத்துக்கு ஒரு பிரதி, ராமாத்தாளுக்கு ஒரு பிரதி. வேலை முடிந்தது.

அந்த லெட்டரை மணியன் ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கியபோது பதவி, சேரும் தேதி இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன். மிச்சத்தைப் படித்ததில்லை.

"நாலாம் பக்கத்துல அப்படியா இருக்கு?" என்று வசந்தாமணி அவன் பக்கம் திரும்பினாள்.

படிக்கவில்லை என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் ஒப்புக்கொள்வான்?

"இருக்கும். எல்லாம் ஸ்டாண்டர்ட்தான்" என்றான்.

ராமாத்தாள் மடியிலிருந்த காகிதக் கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, விரலை நாக்கில் தொட்டு, நான்காவது தாளைப் புரட்டித் தலையை ஆட்டினாள். ஊரில் யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று இருவருக்கும் தோன்றியது.

வேறு வழியில்லை. வசந்தாமணி ஒற்றைக் கம்மலோடு ஆபீசுக்கு ஓடினாள். எட்டு இருபத்தொன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். மணியன் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு ட்ரெய்னிங் ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த ட்ரெய்னிங் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் நாற்பத்திரண்டு ஸ்லைடு தயாரித்தான். மைக்ரோவேவில் எவர்சில்வர் கிண்ணம் வைக்கக் கூடாது என்பது மூன்றாவது ஸ்லைடு. புகை அலாரம் அடித்தால் என்ன செய்வது என்பதற்கு அம்புக்குறி போட்டு ஒரு படம்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் ராமாத்தாள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, டிஷ்வாஷரில் அவன் தட்டு அடுக்குவது தப்பு என்று அவனுக்கே சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் வேலையைத் தொடவில்லை. நாலாம் பக்கம் இரண்டு வாரம் என்கிறதே.

மூன்றாம் நாள் மணியனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கலர் பிரின்டரில் பூ பார்டர் வைத்து, 'முதல் வகுப்பில் தேறினார்' என்று ஒரு சர்டிஃபிகேட் அடித்துக் கையில் கொடுத்தான். ட்ரெய்னிங் முன்னதாகவே முடிந்துவிட்டது என்றான். ராமாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஐந்தே நிமிஷத்தில் வெண்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டினாள். அதுவரை எந்த ஸ்பூனைக் கண்டாலும் வாயை மூடிக்கொண்ட குழந்தை, கிண்ணத்தை வழித்து நக்கியது. ஏப்பம் விட்டது. சிரித்தது. இனி இந்த அம்மாள் என்ன சொன்னாலும் தலையாட்டுவது என்று வசந்தாமணி அன்றே தீர்மானித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அந்தத் தீர்மானத்துக்குச் சோதனை வந்தது.

"ட்ரெய்னிங் பாஸ் பண்ணினா சீனியருங் அம்மிணி. அஞ்சாம் பக்கம். சீனியரு சமைக்கோணும், புள்ளையப் பாக்கோணும். பாத்திரம், குப்பை, பாத்ரூம் எல்லாம் ஜூனியரு."

"ஜூனியர் யாருங்க்கா?"

ராமாத்தாள் மணியனை இரக்கத்தோடு பார்த்தாள்.

அவன் பாத்திரம் கழுவினான். ஸ்டாண்டர்ட் என்று அவனே சொல்லியாகிவிட்டது.

அடுத்த வாரம் ஏழாம் பக்கம் வந்தது. ஏழாம் பக்கத்தின்படி மாலை ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. முடிகிறது என்றால் முடிகிறது. எண்ணெய் காய்ந்து, கடுகைக் கையில் எடுத்திருந்தாள் ராமாத்தாள். மணி ஐந்து. கடுகை மறுபடி டப்பாவில் போட்டு மூடினாள். வீட்டுக்காரர்களில் ஒருவர் ஐந்து மணிக்கு முன்னால் நின்று, அன்றைய ரிப்போர்ட்டைக் கேட்டு, குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தை என்ன தின்றது, எத்தனை முறை விழுந்தது, யாரைப் பார்த்து அழுதது, எல்லாம் உண்டு ரிப்போர்ட்டில். குறுக்கே பேசக் கூடாது. கேள்விகள் கடைசியில்.

மணியன் இரவு எட்டுக்கு முன்னால் ஆபீசை விட்டதே இல்லை. அதனால் வசந்தாமணி நாலரைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. நாலரைக்குக் கிளம்பவேண்டும் என்பதால் காப்பி நேரத்தில் அரட்டையை நிறுத்தினாள். மீட்டிங்கில் தூங்குவதை நிறுத்தினாள். மற்றவர்கள் இரண்டு நாளில் செய்வதை ஒரே நாளில் முடித்துவிட்டு ஓடினாள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவள் டைரக்டர் விசாரித்ததாகக் கேள்வி.

மார்ச்சில் ஆறு மாதம் முடிந்தது. ராமாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தாள்.

"ரிவ்யூங் தம்பி. ஒம்பதாம் பக்கம்."

ஆபீசில் தனக்கு வருடாவருடம் என்ன போடுகிறார்களோ அதையே மணியனும் போட்டான். 'எதிர்பார்த்த அளவு செய்கிறார்.' அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினான். அவள் முகம் சுருங்கியது.

"எதுல கொறைஞ்சு போச்சுங்? மூணு உதாரணம் சொல்லோணும்னு போட்டிருக்குது."

மணியன் யோசித்தான். ஒரு உதாரணம்கூட வரவில்லை. உதாரணம் கேட்கலாம் என்று ஆறு வருடமாகத் தனக்கே தோன்றாதது அப்போதுதான் உறைத்தது. அடித்துவிட்டு 'எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டார்' என்று எழுதினான். அப்படி எழுதினால் பதவி உயர்வு கொடுத்தாக வேண்டும் என்று அவள் பத்தாம் பக்கத்தைப் புரட்டினாள். அன்றிலிருந்து ராமாத்தாள் வீட்டுக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் கீழே ஒரு ஆளாவது இருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் மணியனுக்கு ரிவ்யூ நடந்தது. ராமாத்தாள் நடத்தினாள். பாத்திரம் சுமார், குப்பை நன்று, வீடு திரும்பும் நேரம் மிக மோசம்.

"மூணு உதாரணம் சொல்லுங்க்கா" என்றான் மணியன் வீம்பாக.

அவள் பதினேழு சொன்னாள். தேதியோடு.

எல்லாம் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமையில் வந்து முட்டியது. அன்று மாலை நாலரையிலிருந்து ஆறு வரை வசந்தாமணி தன் ஆராய்ச்சி முடிவுகளை மேலிடத்துக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கிரீன் கார்டு மனுவைக் கம்பெனி தொடருமா, கைவிடுமா என்று முடிவு. அப்படியானால் ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்க மணியன் நின்றாக வேண்டும். ராமாத்தாளிடம் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டுப்பார்த்தார்கள். அவள் ஏழாம் பக்கத்தைப் புரட்டி, வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

அதே வியாழக்கிழமை, ஆயிரத்துத் தொள்ளாயிரம் போய் இரண்டாயிரம் வந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த காலமல்லவா, மணியனின் மேனேஜர் பத்மநாபன் ராத்திரி பதினோரு மணி வரை டெஸ்டிங் என்று அறிவித்திருந்தார்.

நாலேகாலுக்கு மணியன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கப்பா கிளம்பிட்ட?" என்றார் பத்மநாபன். ஃப்ளோரில் இருந்த நாற்பது தலைகளும் தடுப்புக்கு மேலே எழும்பின.

பெண்டாட்டி, பிள்ளை, கிரீன் கார்டு என்று ஏதாவது கெஞ்சலாம் என்றுதான் மணியன் வாயைத் திறந்தான். எட்டு மாதப் பழக்கம் வேறொன்றைச் சொன்னது.

"என் ஆஃபர் லெட்டர் ஏழாம் பக்கம் சார். வேலை நேரம் அஞ்சு மணி வரைக்கும்தான். டிரைவ் நாப்பது நிமிஷமும் அதுல சேர்த்திதான்."

"ஏழாம் பக்கமா?"

"ஒன்பதாம் பக்கமும் பார்த்துக்குங்க சார். என் ரிவ்யூவுக்கு நீங்க மூணு உதாரணம் தரணும். ஆறு வருஷமா தரலை."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவரும் ஒரு காலத்தில் அதே லெட்டரில் கையெழுத்துப் போட்டவர்.

"தெரியும், தெரியும். அதெல்லாம் ஸ்டாண்டர்ட்தானே. கிளம்பு" என்றார்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு மணியன் வீட்டு வாசலில் நின்றான். ராமாத்தாள் ரிப்போர்ட் வாசித்தாள். குழந்தையைக் கையில் வாங்கினான். வசந்தாமணி ஆறரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், மனுவைத் தொடரப் போகிறார்கள், தன்னை ஒரு குழுவுக்குத் தலைவியாகவும் ஆக்கிவிட்டார்கள் என்றாள். டைரக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் எப்படிப் பதில் சொன்னாய் என்றான் மணியன்.

"குறுக்கே பேசக் கூடாது, கேள்விகள் கடைசிலன்னு சொல்லிட்டேங்க. யாரும் மூச்சு விடலை" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு மணியனின் ஃப்ளோரில் நாற்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். நாற்பத்தோராவதாகப் பத்மநாபன். அடுத்த வாரம் கீழ்த்தளம். ஜூன் மாதத்துக்குள் அந்தக் கட்டடமே ஐந்தடித்தால் காலியாயிற்று. அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் இறங்கியதால் வாசல் தெரு சிக்னலில் பச்சை விளக்கை நீட்டினார்கள். சிக்னல் விஷயம் நான் குறைத்துச் சொல்லும் இரண்டு இடங்களில் ஒன்று. டெஸ்டிங்கும் குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. மணியனுக்கு மூன்று உதாரணங்களோடு பதவி உயர்வு வந்தது. பத்மநாபன் வீட்டில் அவர் பெண், அப்பாவுக்கு வேலை போய்விட்டதா என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

ஆகஸ்டில் ராமாத்தாளின் அனுமதியை நீட்டிக்க வேண்டி வந்தது. அவளிடம் இருக்கிற பிரதியைக் கொடுத்தனுப்புங்கள் என்று வக்கீல் கேட்டார். ஏழாம் பக்கம், ஒன்பதாம் பக்கம் இரண்டையும் தனியாக நகலெடுத்துத் தாருங்கள், ஃபிரேம் போட வேண்டும் என்று சொல்லி, மணியன் ராமாத்தாளிடமிருந்து வாங்கி வந்த கட்டை இரண்டு கையாலும் வக்கீலின் மேசையில் வைத்தான்.

நஞ்சுண்டன் முதல் தாளைப் பார்த்தார். கடைசி வரை புரட்டினார். திருப்பிப் போட்டு மறுபடி புரட்டினார்.

"மணியன், இந்தம்மாவுக்கு நீங்க ஃபேக்ஸ்லதானே அனுப்பினீங்க? பேப்பரைப் பின்பக்கமாத் திருப்பி வெச்சுட்டீங்க. பதினோரு பக்கமும் வெறும் வெள்ளைத் தாள்."